பிரான்சுக்குப் புதிதாக வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கு: மேசையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறிந்துகொள்ளும் வழி

காரைக்காலில் இருந்து பாரிஸ் புறநகருக்கு வந்து சேரும் குடும்பங்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி வீடு, வேலை பற்றியவை என்றால், மீதிப் பாதி மார்க்கத்தைப் பற்றியவை. முக்காட்டுடன் அரசு அலுவலகத்துக்குப் போகலாமா, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது, ஜும்ஆவுக்கு வேலையிடத்தில் விடுவார்களா, ஆட்டை எங்கே அறுப்பது, மையத்தை எங்கே அடக்குவது என்று கேட்பார்கள். "அங்கே எல்லாவற்றுக்கும் தடை" என்று ஒருவரும், "அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்" என்று இன்னொருவரும் ஊரிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டும் தவறு. எது அனுமதி, எது தடை என்பது எழுத்தில் தெளிவாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பயந்து ஒதுங்கியவர்களையும், தெரிந்துகொள்ளாமல் மோதிக் காயப்பட்டவர்களையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. அதன்பின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விருப்பம் தெரிவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று நம்மில் பலர். கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தாலும், இங்குள்ள வாழ்க்கை முறையை முதல்முறையாகப் பார்ப்பவர் புதியவரே. இலங்கையில் இருந்து வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் கீழே உள்ளவை அப்படியே பொருந்தும்.

முதற்படி: சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள்

இங்கே லாயிசிதே என்று சொல்லப்படுவதைத் தமிழில் மதச்சார்பின்மை என்கிறோம். ஆனால் நாம் ஊரில் பழகிய மதச்சார்பின்மை வேறு. தமிழ்நாட்டில் ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்கு அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. அரசு எல்லா மதங்களுக்கும் ஓரளவு கை கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள எண்ணம். பிரான்சிலோ அரசு எந்த மதத்துக்கும் கை கொடுக்கக் கூடாது, எந்த மதத்தின் கையையும் முறுக்கக் கூடாது என்பதே அடிப்படை. 1905 டிசம்பர் 9 அன்று பிறந்த, மதங்களையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தின் முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசு உறுதிசெய்கிறது என்றும், பொது ஒழுங்குக்கான வரம்புகளுக்கு உட்பட்டு வழிபாடுகளைச் சுதந்திரமாக நடத்த உத்தரவாதம் அளிக்கிறது என்றும் சொல்கிறது. இரண்டாம் பிரிவு, அரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, சம்பளம் கொடுப்பதில்லை, மானியம் தருவதில்லை என்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: சுதந்திரம் முதலில், பிரிவினை பிறகு. 1958 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முதல் பிரிவும் குடியரசு எல்லா நம்பிக்கைகளையும் மதிக்கிறது என்றே கூறுகிறது.

இதில் இருந்து நடைமுறைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் நுழையும்போது, நான் மேசையின் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று கேளுங்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அரசின் பெயரால் வேலை செய்பவர் நடுநிலை காக்கக் கடமைப்பட்டவர். சிலுவையோ, முக்காடோ, தலைப்பாகையோ அவர் அணியக் கூடாது. மேசைக்கு முன்னால் நிற்கும் நீங்கள் சேவை பெற வந்தவர். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நகராட்சி அலுவலகமான மெரி, அஞ்சலகம், மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்சூர், அரசு மருத்துவமனை, நூலகம் ஆகிய எல்லா இடங்களிலும் முக்காடு அணிந்த பெண் தன் வேலையை முடித்துக்கொண்டு வரலாம். இதற்குப் பெரிய விதிவிலக்குகள் இரண்டு: அரசுப் பள்ளிக்கூட மாணவர்கள், முகத்தை மூடுவது. இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத்தில் எல்லா மதங்களும் சமமாக இருந்தாலும் நாட்காட்டியில் அப்படி இல்லை. ஆண்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கத்தோலிக்கத் திருநாள்கள். நம் பெருநாள் ஒன்றுகூட இல்லை. 1905க்கு முன் கட்டப்பட்ட பெரும்பாலான தேவாலயங்கள் நகராட்சிகளின் சொத்து என்பதால் அவற்றின் கூரையைப் பொதுப்பணத்தில் பழுதுபார்க்கலாம். அந்நாளில் இந்நாட்டின் பெருநிலத்தில் பள்ளிவாசல்கள் ஏறக்குறைய இல்லாததால் நமக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. இதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நினைத்து, இருக்கும் உரிமைகளையும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

ஸ்திராஸ்பூர், மெட்ஸ், மூலூஸ் பக்கம் குடியேறுகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அல்சாஸ், மொசெல் பகுதிகள் 1905 இல் ஜெர்மனியிடம் இருந்ததால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. போப்பாண்டவருடன் செய்துகொண்ட 1801 ஆம் ஆண்டு உடன்பாட்டின் வழிவந்த முறையே தொடர்கிறது. நான்கு வழிபாடுகள் அங்கே அரசின் அங்கீகாரம் பெற்றவை. இஸ்லாம் அந்த நான்கில் இல்லை.

முதல் வாரங்கள்: புகைப்படம்

குடியிருப்பு அட்டை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எதற்கானாலும் 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் உள்ள படம் கேட்பார்கள். அதில் தலை மூடப்பட்டிருக்கக் கூடாது. முக்காட்டுடன் எடுத்த படத்தைக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போன குடும்பங்களை நான் அறிவேன். ஸ்டூடியோவுக்குப் போய் அந்நிய ஆண் முன்னால் முக்காட்டை எடுக்கத் தயங்கும் பெண்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மெட்ரோ நிலையங்களிலும் பெரிய அங்காடிகளின் வாசலிலும் திரைச்சீலை போட்ட தானியங்கிப் படப்பெட்டிகள் நிற்கும். என் மனைவி வந்த புதிதில் நான் வெளியே திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே முக்காட்டை எடுத்து, ஊசிகளை மடியில் வைத்துக்கொண்டு, நாணயங்களைப் போட்டுப் படம் எடுத்து, மீண்டும் அணிந்துகொண்டு வெளியே வந்தபோது படங்கள் இன்னும் ஈரமாக இருந்தன. அந்தப் படத்தைக் கொடுக்க பிரெஃபெக்சூருக்குப் போனபோது அவள் முக்காட்டுடனேயே போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் குடியேறுவோரில் பெரும்பாலானோர், குடியேறுவோரைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஒஃபி அலுவலகத்தில் குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் நான்கு நாள் குடிமைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மொழி வகுப்பும் உண்டு. கையெழுத்திடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த நாள்களைத் தவறவிட்டால் அட்டையைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும்.

தெருவில் முகம் தெரிய வேண்டும். 2010 அக்டோபர் 11 அன்று இயற்றப்பட்டு 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொது இடத்தில் முகத்தை மறைக்கும் உடைக்கு 150 யூரோ வரை அபராதம் விதிக்கிறது. அபராதத்துக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ குடிமை வகுப்புக்கும் அனுப்பலாம். 2014 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஊரில் புர்காவின் முகத்திரையைப் போட்டுப் பழகியவர் விமான நிலையத்திலேயே அதை எடுத்துவிட வேண்டும். தலையை மட்டும் மூடும் முக்காட்டுக்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை. ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி முகத்தை மூடவைப்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் உண்டு என்பதைக் கணவன்மார்களும் படித்துவைக்க வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

மிகுதியாகத் தவறு நடப்பதும் மனம் நோவதும் இங்கேதான். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

1989 இல் பாரிசுக்கு வடக்கே உள்ள கிரேய் நகரின் கொலேஜ் (இடைநிலைப் பள்ளி) ஒன்றில் மூன்று மாணவிகள் முக்காட்டுக்காக வெளியேற்றப்பட்டதில் தொடங்கிய விவாதம், பதினைந்து ஆண்டுகள் கழித்து 2004 மார்ச் 15 ஆம் நாள் சட்டத்தில் முடிந்தது. அரசுத் தொடக்கப்பள்ளி, கொலேஜ், மேல்நிலைப் பள்ளியான லிசே ஆகியவற்றில் மத அடையாளத்தைப் பளிச்சென்று காட்டும் பொருளோ உடையோ மாணவர்கள் அணியக் கூடாது. முக்காடு, யூதர்களின் கிப்பா, பெரிய சிலுவை எல்லாம் இதில் அடங்கும். கழுத்தில் தொங்கும் சிறு பதக்கத்துக்குத் தடை இல்லை. 2023 இல் கல்வி அமைச்சர் அபாயா எனப்படும் நீண்ட அங்கியையும் தடை செய்தார்; உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா அந்த ஆண்டு செப்டம்பரில் அதை நிறுத்திவைக்க மறுத்தது.

தடை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பல்கலைக்கழகத்தில் மாணவிகள் முக்காடு அணியலாம். தனியார் பள்ளிக்கூடங்களுக்கு 2004 சட்டம் பொருந்தாது. அந்தந்தப் பள்ளியின் விதிமுறை என்னவோ அதுதான். முஸ்லிம் பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய் முக்காட்டுடன் வரலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாக வரும் தாய்மாரும் ஆசிரியர்களைப் போல நடுநிலைக் கடமைக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்று கொன்செய் தெத்தா 2013 இல் கூறியது. ஆனால் ஒழுங்கு காக்க வேண்டிய தனிப்பட்ட காரணம் இருந்தால் கட்டுப்பாடு கேட்கலாம் என்றும் சேர்த்தது. "முக்காட்டோடு வரக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த விதியின்படி என்று பணிவாகக் கேளுங்கள்.

என் மூத்த மகள் கொலேஜில் சேர்ந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. முக்காடு அணிய வேண்டும் என்பது அவளுடைய விருப்பம், நாங்கள் சொல்லவில்லை. முதல் நாள் பள்ளி வாசலுக்கு இருபது அடி முன்பு, பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக்கு எதிரே நின்று, ஊசியை வாயில் பிடித்துக்கொண்டு துணியை அவிழ்த்தாள். அதை நான்காக மடித்து, கணக்கு நோட்டுக்கும் பென்சில் பெட்டிக்கும் நடுவே வைத்தாள். தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். மாலையில் அதே இடத்தில் மீண்டும் அணிந்துகொண்டாள். ஏழு ஆண்டுகள் அப்படித்தான் போயின. பிள்ளைக்கு இது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாளுக்கு முன்பே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த இடத்தில் எடுப்பது, யார் பக்கத்தில் நிற்பது, யாராவது கேலி செய்தால் யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்யுங்கள். அவளுடைய மார்க்கத்துக்கும் படிப்புக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அவளைத் தனியே விட்டுவிடாதீர்கள். ஒருவேளை தகராறு எழுந்தால், தண்டனை நடவடிக்கைக்கு முன் மாணவியோடு கலந்துபேச வேண்டும் என்று 2004 சட்டமே கட்டளையிடுகிறது. அந்தப் பேச்சுக்கு அழைப்பு வந்தால் நீங்களும் போங்கள்.

பாடங்களைப் பொறுத்தவரை விலக்கு இல்லை. 2013 முதல் அரசுப் பள்ளிக்கூடங்களில் ஒட்டப்பட்டிருக்கும் லாயிசிதே சாசனம், ஓர் ஆசிரியர் பாடத்திட்டத்தில் உள்ள பொருளை நடத்துவதை மத நம்பிக்கையைக் காட்டி எந்த மாணவரும் எதிர்க்க முடியாது என்கிறது. உயிரியல், இசை, நீச்சல் எல்லாம் இதில் வரும். உடற்பயிற்சி வகுப்பில் இருந்து விலக்கு வேண்டுமென்றால் மருத்துவச் சான்று வேண்டும். நோன்பு அதற்குக் காரணமாகாது. நோன்பு வைத்திருக்கும் பிள்ளை பலவீனமாக இருந்தால் அன்று காலையே ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலோர் ஓட்டத்தைக் குறைத்துக்கொடுப்பார்கள்.

வகுப்பில் காட்டிய ஒரு படமோ சொன்ன ஒரு சொல்லோ உங்களைப் புண்படுத்தினால், சந்திக்க நேரம் கேட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். அதன்பின் பள்ளித் தலைவர், அதன்பின் கல்வி மண்டல அலுவலகம். ஒருபோதும் ஆசிரியரின் பெயரையோ பள்ளியின் பெயரையோ சமூக ஊடகத்தில் போடாதீர்கள். 2020 அக்டோபர் 16 அன்று கொன்ஃபிளான்-சேந்த்-ஒனொரின் நகரின் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்த சாமுவேல் பத்தி கொல்லப்பட்டார். அன்று அந்த வகுப்பிலேயே இல்லாத ஒரு மாணவி சொன்ன கதையை நம்பி, அவள் தந்தை இணையத்தில் பரப்பிய காணொளிகளில் இருந்துதான் அது தொடங்கியது. இறைநிந்தனை இந்நாட்டில் குற்றமில்லை; நம்பிக்கையைக் கேலி செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறது, நம்பிக்கையாளர்களை மதத்தின் பெயரால் இழிவுபடுத்துவதையும் அவர்களுக்கு எதிராகத் தூண்டுவதையும் தண்டிக்கிறது. இந்த வேறுபாடு நமக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வீட்டிலேயே, நிதானமாக, நாம்தான் அதை விளக்க வேண்டும்.

பள்ளி உணவகத்தில் ஹலால் இறைச்சி தருமாறு நகராட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. பன்றி இறைச்சிக்கு மாற்று உணவு வைப்பது கடமையும் இல்லை, தடையும் இல்லை என்று 2020 டிசம்பரில் ஷலோன்-சுர்-சோன் நகர வழக்கில் கொன்செய் தெத்தா தீர்ப்பளித்தது. வாரம் ஒரு நாள் சைவ உணவு எல்லாப் பள்ளி உணவகங்களிலும் உண்டு. மற்ற நாள்களுக்கு என்ன வசதி என்று சேர்க்கும்போதே மெரியில் கேளுங்கள். பெருநாள் அன்று பிள்ளை வரமாட்டான் என்று முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்தால் அந்த விடுப்பை ஏற்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வராமல் இருப்பதை ஏற்கமாட்டார்கள்.

வேலையிடம்

அரசு ஊழியர் நடுநிலை காக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். 2021 ஆகஸ்ட் 24 ஆம் நாள் சட்டம், பொதுச் சேவையை ஒப்பந்தத்தில் நடத்தும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் இதை எழுத்தில் விரிவாக்கியது. ஆகவே நகரப் பேருந்தை ஓட்டுபவர், நகராட்சி நீச்சல்குளத்தை நடத்தும் நிறுவனத்தில் இருப்பவர் ஆகியோரும் பணிநேரத்தில் மத அடையாளம் அணிய முடியாது. அரசு மருத்துவமனையில் பயிற்சிக்குப் போகும் செவிலிய மாணவிக்கும் அங்கே இதே கட்டுப்பாடு. அவளுடைய கல்லூரி வகுப்பறையில் அது இல்லை.

சாதாரணத் தனியார் நிறுவனத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே சுதந்திரம்தான் பொதுவிதி. நேர்காணலில் உங்கள் மதத்தைக் கேட்க உரிமையில்லை. முக்காட்டைத் தடுக்க வேண்டுமானால் நிறுவனத்தின் உள்விதிகளில் நடுநிலை விதி எழுதப்பட்டிருக்க வேண்டும், அது எல்லா மதங்களுக்கும் அரசியல் அடையாளங்களுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வேலையின் தன்மைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2016 இல் தொழிலாளர் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த உள்விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒப்புக்கொண்ட வேலையை மதத்தைக் காட்டி மறுக்க முடியாது. பிரான்சுக்குச் சொந்தமான மயோத் தீவின் உணவுக்கடை ஒன்றில் இறைச்சிப் பிரிவில் சேர்ந்தவர், பன்றி இறைச்சியைத் தொடாத வேறு வேலை கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலன்றி முதலாளியைக் குறைசொல்ல முடியாது என்று 1998 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உணவக வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பன்றி இறைச்சி, மது பற்றிச் சேரும்போதே பேசி எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு பேசுவதால் பயனில்லை. இடைவேளையில் பிறருக்கு இடையூறில்லாமல் தொழுதுகொள்ளலாம், ஆனால் ஜும்ஆவுக்கு நேரம் கொடுக்க முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. பெருநாள் விடுப்பைச் சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். பிறை பார்க்கும் வழக்கத்தைச் சொல்லி இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மருத்துவமனை

நோயாளி தன் அறையில் தொழலாம், முக்காடு அணியலாம், முஸ்லிம் மார்க்க ஆலோசகரை அழைக்கச் சொல்லலாம். மருத்துவமனை, சிறை போன்றவற்றில் அத்தகையோரை வைப்பதை 1905 சட்டம் அனுமதிக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். அவசர நேரத்தில் வற்புறுத்த முடியாது. பிரசவத்துக்கு முன்பே அன்றைய பணியில் யார் இருந்தாலும் ஏற்போம் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிவாசல்

பாரிசின் பெரிய பள்ளிவாசல் 1926 ஜூலையில் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக, 1920 இல் தனிச்சட்டம் இயற்றி அரசே 5 லட்சம் ஃபிராங்க் கொடுத்தது; மானியம் இல்லை என்ற கொள்கைக்கு அந்நாளில் அப்படியும் ஒரு விலக்கு இருந்தது. ஐந்தாம் வட்டாரத்தில் உள்ள அந்தப் பள்ளிவாசலை ஒருமுறையேனும் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். ஆனால் அன்றாடம் நாம் தொழுவது புறநகரின் சிறு தொழுகைக்கூடங்களில்தான்; பழைய கிடங்கு, குடியிருப்பின் கீழ்த்தளம் என்று எங்கேயும் அவை இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இடம் போதாமல் இரண்டு முறை ஜும்ஆ நடத்தும் இடங்களும் உண்டு. வாசலில் கூட்டம் நிற்பது, வண்டியைக் குறுக்கே நிறுத்துவது ஆகியவைதான் அக்கம்பக்கத்தாருடன் முதல் மனக்கசப்பை உண்டாக்குகின்றன. தயவுசெய்து நடந்தே போங்கள்.

நாமே ஒரு தொழுகைக்கூடம் அமைக்க விரும்பினால் 1901 அல்லது 1905 சட்டத்தின் கீழ்ச் சங்கம் பதிவுசெய்ய வேண்டும். 1905 வகைச் சங்கத்துக்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை ரசீது கொடுக்கலாம். 2021க்குப் பிறகு கணக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரும் 15,300 யூரோவுக்கு மேற்பட்ட உதவியை அறிவிக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் உறவினர்களிடம் வசூல் செய்யும் நம்மவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நகராட்சி பணம் தராது. ஆனால் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்பதை மோந்த்ரேய் நகர வழக்கில் 2011 இல் கொன்செய் தெத்தா ஏற்றுக்கொண்டது.

ஹலாலும் குர்பானியும்

கடைப் பலகையில் உள்ள ஹலால் என்ற சொல்லுக்கு அரசு பொறுப்பில்லை. அறுப்பவருக்கு அட்டை வழங்கும் அதிகாரம் பாரிஸ், லியோன், எவ்ரி பள்ளிவாசல்களுக்கு உண்டு. அதன்பின் சான்று கொடுப்பது தனியார் அமைப்புகள், அவற்றின் அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும். எந்த அமைப்பின் முத்திரை என்று கறிக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுப் பின்புறத்திலோ தோட்டத்திலோ ஆட்டை அறுப்பது குற்றம். ஆறு மாதச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கலாம். அனுமதி பெற்ற அறுவைக்கூடத்தில், அல்லது பெருநாளுக்கென்று தற்காலிகமாக அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே அறுக்கலாம். ஒரு மாதத்துக்கு முன்பே கறிக்கடையில் பெயர் பதிந்து முன்பணம் கொடுங்கள். ஆடு அன்றே கிடைக்காமல் மறுநாள் கிடைப்பது சாதாரணம். பெருநாள் காலைச் சமையலுக்குத் தனியாகக் கறி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்காஹ்

முதலில் மெரியில் பதிவுத் திருமணம், அதன்பின் நிக்காஹ். இந்த வரிசையை மீறி வழக்கமாக நிக்காஹ் நடத்தும் இமாமுக்கே சிறைத் தண்டனை உண்டு. அதனால்தான் அவர் மெரியின் சான்றைக் கேட்கிறார், உங்களை அவமதிக்க அல்ல. நிக்காஹ் மட்டும் செய்துகொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவள். கணவன் இறந்தால் அவளுக்கு அவருடைய ஓய்வூதியத்தில் பங்கு கிடைக்காது. காரைக்காலில் திருமணம் செய்யும் பிரெஞ்சுக் குடியுரிமையாளர், புறப்படும் முன்பே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் திருமணத் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பித்து, திருமணம் முடிந்ததும் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பந்தல் போட்டபின் இதை நினைத்தால் மணமகள் ஊரிலேயே ஓராண்டு காத்திருக்க நேரிடும்.

அநீதி நடந்தால்

மதத்தைக் காரணம் காட்டி வேலையோ வீடோ மறுப்பது மூன்றாண்டுச் சிறைக்கும் 45,000 யூரோ அபராதத்துக்கும் உரிய குற்றம். மதத்தைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவாகப் பேசுவதும் குற்றம். ஆனால் புகார் கொடுக்கும் முறையில் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் முக்காட்டைப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் பிடித்து இழுத்தான். காவல் நிலையத்துக்கு அவளோடு போனேன். அங்கிருந்தவர் கனிவாகவே பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார். வெளியே வந்து படித்தபோதுதான் அது மேன் கூரான்த் என்று தெரிந்தது. நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு, அவ்வளவுதான், அதன்பேரில் விசாரணை நடப்பது அரிது. நமக்கு வேண்டியது பிளேன்த் எனப்படும் முறையான புகார். அதை வாங்க மறுக்கக் காவல்துறைக்கு உரிமை இல்லை. மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அரசு வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் நீங்களே புகாரை எழுதி அனுப்பலாம். மறுநாள் நாங்கள் திரும்பப் போய்ப் பிளேன்த் கொடுத்தோம்.

நாள், நேரம், சொன்ன சொற்கள், பார்த்தவர்களின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். வேலை, வீடு, பள்ளி, அரசு அலுவலகம் பற்றிய பாகுபாட்டுக்கு உரிமைக் காப்பாளர் அமைப்பான தெஃபான்சேர் தே துருவாவிடம் கட்டணமின்றி முறையிடலாம். பாகுபாட்டுக்கென்றே 39 28 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

மையத்து

இதைக் கடைசியாக எழுதினாலும், வந்த முதல் ஆண்டிலேயே குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மரணம் நடந்த வீட்டில் விசாரிக்க நேரமிருக்காது. ஊரில் லுஹருக்கு இறந்தவரை அஸருக்குள் அடக்கிவிடுவோம்; இங்கே இறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகே அடக்கலாம். பெட்டி கட்டாயம், கஃபன் துணியோடு மட்டும் அடக்க முடியாது. எளிய மரப்பெட்டியைத் தேர்ந்தெடுத்து, உள்ளே மையத்தை வலப்பக்கமாகக் கிடத்தலாம். பாரிசில் கிப்லா தென்கிழக்கே இருக்கிறது. குளிப்பாட்டுவது மருத்துவமனையின் பிணவறையிலோ இறுதிச்சடங்கு நிறுவனத்திலோ நடக்கும். பள்ளிவாசலில் அதற்குப் பழகியவர்கள் இருப்பார்கள், அவர்கள் எண்ணை முன்பே வாங்கி வையுங்கள்.

பொதுக் கல்லறைகள் 1881 முதல் மத வேறுபாடின்றி நடத்தப்படுகின்றன. ஆனாலும் கபர்களைக் கிப்லா நோக்கி அமைக்க முஸ்லிம்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்க மேயருக்கு அதிகாரம் உண்டு. 2008 இல் அரசு மேயர்களை அதற்கு ஊக்குவித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. கடமை என்று கட்டாயப்படுத்த முடியாது. பாரிஸ் நகரின் தியே கல்லறையில் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. பொபினியில் 1937 இல் திறந்த முஸ்லிம் கல்லறை இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ, இறந்த ஊரிலோ அடக்கம் செய்யப்படுவது உங்கள் உரிமை. ஆகவே வீடு பார்க்கும்போதே அந்த நகராட்சிக் கல்லறையில் முஸ்லிம் பகுதி இருக்கிறதா என்று மெரியில் கேட்டுவிடுங்கள்.

கபருக்கான இடம் ஊரைப்போல் என்றைக்குமாகப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 10, 15, 30, 50 ஆண்டு என்று குத்தகைக்குத் தருகிறார்கள். தவணை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புதுப்பிக்காவிட்டால், நகராட்சி இடத்தை எடுத்துக்கொண்டு எலும்புகளைப் பொதுக்குழிக்கு மாற்றும். சில இடங்களில் எரிக்கவும் கூடும். என் அத்தாவை அடக்கிய நாளில் அந்தக் குத்தகைத் தாளை நான் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தேன். அது வீட்டு மின்கட்டண ரசீதுகளோடு கலந்துபோய், பதினான்கு ஆண்டு கழித்து ஒரு நாள் முழுவதும் தேடி எடுத்தேன். அந்தத் தாளைக் குடும்பப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். முடியும் ஆண்டைப் பிள்ளைகள் இருவருக்காவது எழுதிக் கொடுங்கள். எலும்புகளை எரிக்கச் சம்மதமில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, அதன் பிரதியைக் கல்லறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.